தையலறையில் கேட்ட பந்தயம்

குதிரைப் பந்தயத்தைக் கண்ணால் பார்க்காமலேயே இருபத்தைந்து வருடம் ரசித்தவள் அந்தத் தையல்காரி. பார்வையாளர் மாடத்துக்குக் கீழே அவள் அறை. ஒரு தையல் மெஷின், ஒரு இஸ்திரி மேசை, குதிரை ஓட்டும் ஜாக்கிகளின் பட்டுச் சட்டைகள் தொங்கும் நீளக் கம்பி. இருப்பது ஒரே ஜன்னல். அதைத் திறந்தால் வண்டி நிறுத்தும் இடத்துச் சுவர்தான் தெரியும். பந்தயம் அவளுக்கு வருவது கதவுக்கு மேலே மாட்டிய ஒலிபெருக்கி வழியாக. அதில் பேசுகிறவர் அவள் வீட்டுக்காரர்.

ஊர் அவருக்கு வைத்த பெயர் வெண்கலம். வீட்டில் தண்ணீர் கேட்டால் பக்கத்து அறைக்குக் கேட்காது. மைக்கைப் பிடித்தாலோ ஆயிரம் பேர் வாயை மூடுவார்கள். குரல் யாருக்கும் வாய்க்கலாம், அது பெரிய சங்கதியா என்ன? தொண்டை கிழியக் கத்துகிறவனெல்லாம் வர்ணனையாளன் என்றால் சந்தையில் கூவுகிற ஆளைக் கூட்டி வந்து உட்கார வைத்துவிட்டுப் போகலாமே!

பந்தய நாள் காலையில் அவர் கலர் பென்சில்களோடு சமையலறையில் உட்கார்ந்துவிடுவார். ஓடப்போகும் குதிரைகளின் பட்டியலில் ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் அதன் ஜாக்கி போடும் சட்டையும் தொப்பியும் வரைந்து வண்ணம் தீட்டுவார்; தூரத்தில் ஓடுவது எந்தக் குதிரை என்று அந்த நிறத்தை வைத்துத்தான் சொல்ல முடியும். அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டே கேள்வி கேட்பாள்.

"பச்சைச் சட்டை, மஞ்சத் தொப்பி?"

"சிங்காரம்."

"கறுப்புல வெள்ளைப் புள்ளி?"

"நீ ஒரு புள்ளியைக் கோணலா வெச்சுத் தைச்சியே, அதுதானே? தலைவலி."

"கோணல்னு குதிரை வந்து உங்ககிட்ட சொல்லிச்சாக்கும்!"

குதிரைக்குத் தலைவலி என்று பெயர் வைத்த மகராசன் யாரோ! ஆனால் அந்தப் பெயரைக்கூட அவர் சிரிக்காமல் சொல்லுவார். பாதித் தூரம் வரைக்கும் மூச்சை அடக்கிச் சொல்லி, கடைசி நேர் ஓட்டத்தில்தான் குரலை அவிழ்த்துவிடுவார். முதலில் வருவதைச் சொன்ன அதே வாயால் கடைசியில் தள்ளாடி வருவதையும் சொல்லுவார். பந்தயம் கட்டமாட்டார், குதிரை முதலாளிகளோடு ஒரு டீ குடிக்கமாட்டார். "குதிரை என்ன பண்ணுதோ அதைச் சொல்லணும். நான் என்ன நினைக்கிறேன்னு யாரு கேட்டா?" என்பார். அவர் சொல்லச் சொல்ல, ஊசியில் நூல் கோத்தபடியே அவளுக்கு முழுப் பந்தயமும் கண்முன் ஓடும். அப்படிப்பட்ட மனிதர்.

அந்த வாய்தான் இரண்டு வருடத்துக்கு முன்னால் குடும்பத்தில் தீ வைத்தது. அவள் சோறூட்டி வளர்த்த தம்பி ஒரு ஜாக்கி. யாரோ கொடுத்த புத்தியைக் கேட்டு, ஜெயிக்க வேண்டிய குதிரையைக் கடிவாளத்தை இழுத்துப் பின்தங்க வைத்தான். "மூணாவதா வர்ற குதிரையோட கடிவாளம் இழுபடுது" என்று மைக்கில் வந்துவிட்டது. மாடம் முழுக்கக் கேட்டது. விசாரணை வைத்து ஒரு வருடம் தடை போட்டார்கள். தடை முடிந்த பிறகும் அடுத்த ஒரு வருடம் எவனும் குதிரை தரவில்லை. தம்பி அக்கா வீட்டு வாசற்படியை மிதிக்கவே இல்லை. அவளும் புருஷனோடு ஒன்பது நாள் பேசவில்லை. தம்பி செய்தது தப்பு என்று தெரியும். தெரிந்தால் மட்டும் வயிறு எரியாமல் இருக்குமா?

இன்றைக்குத்தான் அவனுக்கு மறுபடி ஒரு குதிரை. அந்தத் தலைவலிதான். இன்னொரு குற்றம் என்று வந்தால் லைசென்ஸ் ஆயுசுக்கும் போச்சு.

"என்னங்க, இன்னைக்கு ஒருநாள் அவன் பக்கம் பார்க்காதீங்க" என்றாள் காலையில்.

"பார்க்காம எப்படிம்மா சொல்றது?"

"பார்த்தாலும் சொல்லாதீங்க."

அவர் கறுப்புப் பென்சிலைச் சீவினார். அவளுக்கு வந்த கோபத்தில் கரண்டி தப்பியது பெரிய விஷயம்.

மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. அவள் மெஷினை நிறுத்திவிட்டு ஒலிபெருக்கிக்குக் கீழே போய் நின்றாள்.

"சிங்காரம் முன்னால. தலைவலி நாலாவது... வளைவுக்கு வந்தாச்சு. சிங்காரம் தானா வெளிப்பக்கம் விலகுது, கம்பியோரம் வழி திறக்குது. தலைவலி அந்த வழியில நுழையுது. யாரையும் உரசல. ரெண்டும் ஜோடியா வருது... தலைவலி! அரை உடம்பு முன்னால தலைவலி!"

அவள் சட்டைகளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதுவிட்டாள். சந்தோஷம் முழுசாக ஐந்து நிமிடம் நிலைக்கவில்லை. தலைவலி வளைவில் குறுக்கே புகுந்து இடித்தது என்று சிங்காரத்தின் ஜாக்கி புகார் கொடுத்துவிட்டான். முடிவு நிறுத்தி வைக்கப்பட்டது.

கழுத்தில் அளவு டேப்போடு அப்படியே மாடி ஏறி ஓடினாள். விசாரணை அறைக் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே தம்பி, தலையோடு கால் சேறு. வளைவில் இருந்த கேமராவில் மழைத் தண்ணீர் வழிந்து படத்தில் ஒன்றுமே தெரியவில்லை. விசாரணைத் தலைவர், ஓய்வு பெற்ற கால்நடை டாக்டர், "வர்ணனைப் பதிவைப் போடுங்க" என்றார். வெண்கலத்தின் குரல் மறுபடி ஒலித்தது. தானா வெளிப்பக்கம் விலகுது. யாரையும் உரசல.

சிங்காரத்தின் முதலாளி மேசையைத் தட்டினார். "நல்லா இருக்கே சார் நியாயம்! இவன் அந்த ஆளோட மச்சினன். மச்சினனை விட்டுக்கொடுத்தா பேசுவாரு?"

அவ்வளவுதான், தம்பி தொலைந்தான் என்றே நினைத்தாள்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ரெண்டு வருஷத்துக்கு முன்னாடியும் இவன் அவருக்கு மச்சினன்தானே? அன்னைக்கு அவர் சொன்னதை வெச்சுத்தான் விசாரணையே தொடங்கினோம். அப்ப நம்பின வாயை இப்ப நம்பக்கூடாதுன்னா எப்படிங்க?"

புகார் தள்ளுபடியானது.

தம்பி வெளியே வந்தான். அக்காவைப் பார்த்ததும் உதடு பிதுங்கியது. அதற்குள் அடுத்த பந்தயம் தொடங்கிவிட்டது. நடைபாதை ஒலிபெருக்கியில் வெண்கலம் நிதானமாக ஏழு குதிரைகளின் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தார். மேலே மைக் அறையில் இருந்த அவருக்கு, கீழே விசாரணையில் என்ன நடந்தது என்று இன்னும் தெரியாது. இருவரும் அது முடியும் வரை அங்கேயே நின்றார்கள்.

"அக்கா, மாமா எனக்காகப் பேசிட்டாரு" என்றான் தம்பி.

"உனக்காக அவரு என்னைக்குடா பேசினாரு?" அவள் டேப்பின் நுனியால் அவன் முகத்துச் சேற்றைத் துடைத்தாள். "அன்னைக்கு உனக்காகப் பேசாததாலதான் இன்னைக்குத் தப்பிச்சே."

அவன் சேற்றுப் பூட்ஸைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, வெறுங்காலோடு மைக் அறைப் படிகளில் ஏறினான்.