நிறையாத குழி

இன்று காலை எங்கள் வீட்டுக் கழிவுத் தொட்டியைக் காலி செய்ய லாரி வந்தது. எங்கள் கொல்லயில் ஊர்ச் சந்துகளில் இந்த லாரி நுழைந்தால் ஜன்னல்கள் வரிசையாகச் சாத்திக்கொள்ளும். நான் மட்டும் முற்றத்தில் நின்றேன். மூடியைத் திறந்ததும் முதலில் அழுகிய முட்டை நாற்றம், அதன் பின்னால் புளித்த மாவு போல ஒன்று, கடைசியில் லேசாகச் சோப்பு. டிரைவர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். தொட்டி நிறைந்ததற்காகச் சந்தோஷப்படும் வீட்டுக்காரரை அவர் அதற்கு முன் பார்த்திருக்க மாட்டார்.

நாற்றத்தை அச்சில் ஏற்ற முடியாது. பத்திரிகை வேலையில் நான் ஆரம்பத்திலேயே தெரிந்துகொண்டது இது. நெய்யாற்றின்கரைச் சந்தை ஓடையைப் பற்றி எழுதிய செய்தியில் 'சகிக்க முடியாத துர்நாற்றம்' என்று திரும்பத் திரும்ப எழுதியிருந்தேன். செய்தி ஆசிரியர் எல்லாவற்றையும் அடித்துவிட்டு, "மூக்க மூடிக்கிட்டுக் கண்ணத் தெறந்து பாரும்" என்றார். பார்த்தேன். மீன் கழுவிய தண்ணீர் இளஞ்சிவப்பாகப் புறப்படும். ஓட்டல் எண்ணெய் வந்து கலந்ததும் மேலே ஒரு படலம் கட்டும். பாலத்தடியில் தேங்கி, கறுத்து, குமிழி விடும். காற்று கிடைக்காத தண்ணீர்தான் அப்படிக் கறுக்கும் என்று பிறகு படித்தேன். அதற்கப்புறம் எங்கே போனாலும் ஓடை பார்க்கிறவனாகிவிட்டேன். கல்யாண வீட்டுக்குப் போனால் பந்தியைப் பார்க்குமுன் பாத்திரம் கழுவும் இடத்தைப் பார்ப்பேன். பெண் கொடுக்க யோசித்தார்கள் என்றால் அவர்களைக் குறை சொல்ல முடியாது.

எங்கள் வீட்டிலோ மறைக்க ஒன்றுமில்லை என்ற எண்ணம். அரிசி களைந்த தண்ணீர் பசுவுக்கு. அடுக்களைத் தண்ணீர் வாழைக்கு. குளித்த தண்ணீர் சிறு வாய்க்காலில் நுரைத்துக்கொண்டே தென்னைக்குப் போகும். கண்ணுக்குத் தெரியாமல் போனது கக்கூஸ் தண்ணீர் மட்டும். அதற்கு அப்பா, கிணறு வெட்டுகிற ஆட்களையே கூட்டிவந்து, வெட்டுகல் என்கிற செம்பாறையைத் தாண்டி ஆழமாகக் குழி எடுத்திருந்தார். அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் பலரும் அப்படித்தான் எடுத்தார்கள். குழி எவ்வளவு ஆழமோ அவ்வளவு பெருமை.

"எனக்க குழி இன்னு வரைக்கும் நெறஞ்சதில்ல, கேட்டியா" என்பார் அப்பா. ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டருக்குப் பேசுவதற்கு இதுவும் ஒரு விஷயம். பக்கத்து வீட்டுத் தங்கராஜ் அண்ணன் சிமெண்ட் பூசிய தொட்டி கட்டியிருந்தார். அது நிறையும், ஆள் வந்து காலி செய்வார்கள். அப்பா மதிலோரம் நின்று சிரிப்பார். "சபை காணிக்கப் பெட்டியக் காட்டிலும் வேகத்துல அவனுக்க தொட்டி நெறயுது."

என் தங்கை ஸ்டெல்லா தலைப்பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்திருந்தபோது சந்தில் இரண்டு பேருக்கு மஞ்சள்காமாலை கண்டது. இரண்டு வீடும் எங்கள் கிணற்றில்தான் குடிக்கத் தண்ணீர் எடுத்தன. சுகாதார நிலையத்திலிருந்து லதா சிஸ்டர் பிளீச்சிங் பவுடரோடு வந்தார். ஸ்டெல்லாவின் வயிற்றைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினார். இந்தக் காமாலையில் ஒரு வகை, கர்ப்பிணிக்கு வந்தால் இரண்டு உயிருக்கும் ஆபத்து என்றார்.

அப்பா மதில் பக்கம் கையை நீட்டினார். "எல்லாம் அவனுக்க தொட்டிதான் சிஸ்டரே. அங்கயிருந்தாக்கும் ஊறி வருது." தங்கராஜ் அண்ணன் வீட்டில் எல்லோருக்கும் கேட்கும்படியாகத்தான் சொன்னார்.

லதா சிஸ்டர் மதிலைப் பார்க்கவில்லை. "உங்க குழி எப்போ காலி செய்தது, சாரே?"

"எனக்க குழியா? அது நெறஞ்சாலல்லவா காலி செய்ய?"

"இத்தன வருஷமா எல்லாரும் போறதுதானே. பின்ன அதெல்லாம் எங்க போச்சு?"

அப்பா குழியைப் பார்த்தார், சரிவில் அதற்குக் கீழே இருந்த கிணற்றைப் பார்த்தார். பிறகு வீட்டுக்குள் போய்விட்டார்.

எங்கள் குழிதான் கிணற்றில் ஊறுகிறது என்று தண்ணீரைச் சோதித்த முடிவும் சொன்னது. ஆனால் முடிவு வருவதற்கு முன்பே, அன்று சாயந்தரமே, தங்கராஜ் அண்ணனின் மனைவி வசந்தா அக்கா மதில்மேல் ஒரு குடத்தை வைத்தார். எங்கள் பக்கத்தில் குடிக்கிற தண்ணீரும் வெள்ளம்தான். "மாமா, எங்க வெள்ளம் நாறும்ணு சொன்னீரு. மூக்கப் பொத்திக்கிட்டாவது பிள்ளைய குடிக்கச் சொல்லும். மேட்டுக் கிணறாக்கும், கொதிக்க வச்சும் இருக்கு."

அப்பா வெளியே வரவில்லை. நான்தான் போய் எடுத்தேன்.

"அவரு வரமாட்டாரோ? செரி, நாளைக்கும் வைக்கேன், நீயே எடு மக்கா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஸ்டெல்லா அதற்குள் பல நாட்களாக எங்கள் கிணற்றுத் தண்ணீரைக் குடித்திருந்தாள். "உள்ள இருந்தாலும் இப்ப தெரியாது, வாரக்கணக்கு களிஞ்சுதான் கண்ணுல காணும்" என்று சிஸ்டர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். காலை வெளிச்சத்தில் ஜன்னலோரம் நின்று ஸ்டெல்லா கீழிமையை இழுத்துக் காட்டுவாள். அம்மா பார்ப்பாள், நான் பார்ப்பேன். அப்பா பேப்பரைத் தூக்கிப் பிடித்திருப்பார், பக்கம் திரும்பாது. "வெள்ளயாத்தான் இருக்கு" என்று அம்மா சொன்ன பிறகே திருப்புவார். இதற்கிடையில் யாரும் சொல்லாமலே பழைய குழியை மண் போட்டு மூட வைத்தார். கிணற்றுக்கு எட்டத்தில், அடிவரை சிமெண்ட் பூசிய தொட்டி கட்டினார். எப்படிக் கட்டுவது என்று கேட்கத் தங்கராஜ் அண்ணனிடம்தான் போனார். மன்னிப்புக் கேட்டாரா என்று தெரியாது. அன்றிலிருந்து 'அவன்' என்பது 'தங்கராஜ்' ஆனது.

பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் சுகம். பிறந்த சில நாளில் குழந்தையின் தோல் லேசாக மஞ்சளித்தபோது அப்பா ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்துவிட்டார். இது அந்தக் காமாலை இல்லை, பிறந்த குழந்தைகள் பலருக்கும் வருவது, தானே போய்விடும் என்று டாக்டர் சொன்னார். அப்பா நம்பவில்லை. வசந்தா அக்கா வந்து, "எனக்க ரெண்டும் மாம்பழம் போலயாக்கும் இருந்துது" என்ற பிறகுதான் எழுந்தார்.

அந்தக் குழந்தை இப்போது வேலைக்குப் போகிறாள். சந்தில் எல்லா வீட்டுக்கும் குழாய்த் தண்ணீர் வருகிறது, தொட்டிகள் ஒழுங்காக நிறைகின்றன, மஞ்சள்காமாலை கண்டு நாளாயிற்று. நன்றி சொல்ல வேண்டிய விஷயங்கள்தான் எல்லாம். அப்பா இல்லை. தங்கராஜ் அண்ணனும் வசந்தா அக்காவும் வீட்டை விற்றுவிட்டு மகனோடு அம்பூரிக்குப் போய்விட்டார்கள். வாங்கியவர்கள் கார் நிறுத்த அந்த மேட்டுக் கிணற்றைத் தூர்த்தார்கள். நல்ல மனிதர்கள், பார்த்தால் சிரிப்பார்கள். அவர்கள் வீட்டுத் தண்ணீர் எப்படி ருசிக்கும் என்று மட்டும் எங்களுக்குத் தெரியாது.