பத்து நாள் சொல்லாமல் இருந்தேன்

என் பழைய லேப்டாப்பைக் குஜிலியம்பாறை மேரி டீச்சருக்கு விற்றிருந்தேன். சில மாதங்கள் கழித்து, லேப்டாப் கம்பெனியிலிருந்து எனக்கு மெயில் வந்தது. அதன் பேட்டரி தீப்பிடிக்கக்கூடும், உடனே கழற்றிவிடுங்கள், வேறு அனுப்புகிறோம் என்று எழுதியிருந்தார்கள்.

லேப்டாப்பே வேண்டாம் என்று டீச்சர் திருப்பிக் கொடுத்துவிடுவாரோ என்ற பயத்தில் பத்து நாள் வாயைத் திறக்கவில்லை. தூக்கம் மட்டும் கெட்டது. பதினோராம் நாள், நேரிலேயே சொல்லிவிடலாம் என்று திண்டுக்கல்லில் பஸ் ஏறினேன்.

ஜன்னலுக்கு வெளியே சோளக்காடு வெயிலில் அலையலையாக மிதந்தது. காற்றில் கண் சொருகும். தூரத்தில் எங்காவது புகை தெரிந்தால் திடுக்கிட்டு விழிப்பேன்.

டீச்சர் வீட்டுக் கதவு திறந்திருந்தது. கட்டிலில் அவருடைய கைக்குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அதன் தலைமாட்டில் லேப்டாப் சார்ஜில் கிடந்தது. அதிலிருந்து மாதா பாட்டு மெல்ல ஒலித்தது. ஓடிப்போய் வயரைப் பிடுங்கி, பேட்டரியைக் கழற்றினேன். கை சுட்டது. பாட்டு நின்றதும் குழந்தை சிணுங்கியது.

"என்ன சார் பண்றீக?" என்று அடுப்படியிலிருந்து ஓடி வந்தார் டீச்சர்.

எல்லாவற்றையும் சொன்னேன், அந்தப் பத்து நாளையும் சேர்த்து.

அவர் குழந்தையை வாரி அணைத்துக்கொண்டார். பிறகு, "புது பேட்டரி வந்தா கொண்டாந்து மாட்டிக் குடுங்க சார். அன்னைக்கே ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்ல?" என்றார்.

மூன்று வாரத்தில் வந்த பேட்டரியை நானே கொண்டுபோய் மாட்டினேன். டீச்சர் சிரித்தபடி காபி கொடுத்தார். ஆனால் நான் கிளம்பும்வரை குழந்தையை இடுப்பிலிருந்து இறக்கவே இல்லை. அதற்காக வருத்தப்படும் தகுதி எனக்கில்லை என்று அப்போதே தெரிந்திருந்தது.