அமுலுவின் டேபிள் ஃபேன்

பேய் பிசாசு என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். நீங்கள் சிரித்தாலும் சரி, இது திருவொற்றியூரில் என் வீட்டில், பட்டப்பகலில் நடந்தது.

லாரி ஓட்டுகிற என் வீட்டுக்காரர் சேகருக்கு நான் இரண்டாம் தாரம். முதல் மனைவி அமுலு காய்ச்சலில் போய்ச் சேர்ந்தவள். அவள் புடவை, போட்டோ எல்லாம் பரணுக்குப் போய்விட்டன, அவளுடைய டேபிள் ஃபேனை மட்டும் அவர் விடவில்லை. புதுசு வாங்கலாம் என்றால், "நல்லாத்தானே ஓடுது" என்பார். ஞாயிற்றுக்கிழமையானால் அதைத் துடைக்கிற பக்குவத்தைப் பார்த்து எனக்கு வயிறு எரியும், என் தலையைக்கூட அவர் அப்படித் தொட்டதில்லை.

ராயபுரத்தில் நான் வேலை பார்க்கும் ஜவுளிக்கடைக்குப் பக்கத்தில் ஒரு எலக்ட்ரிக்கல் கடை. அங்கே ஸ்மார்ட் பிளக் வாங்கப் போனேன். ஃபேன், லைட்டுக்குச் சின்னதே போதும், கீசருக்குத்தான் பெரியது வேண்டும் என்றார் கடைக்காரர். சின்னதிலும் இரண்டு வகை. ஒன்று போனிலிருந்து ஆன், ஆஃப் மட்டும் செய்யும். இன்னொன்று எப்போது ஓடியது, எவ்வளவு நேரம் ஓடியது என்றும் காட்டும். விலை கூடத்தான், ஆனாலும் அதையே எடுத்தேன். நான் இல்லாதபோது அவர் அந்த ஃபேன் முன்னால் உட்கார்கிறாரா என்று எனக்குத் தெரிய வேண்டும். அவரிடம், "கரண்டு மிச்சமாவும்யா" என்று சொல்லி மாட்டினேன்.

மறுநாள் மதியம் கடையில் சாப்பிட உட்கார்ந்து போனைத் திறந்தால் ஃபேன் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆஃப் செய்தேன். திரும்ப ஆன் ஆனது. உடனே அவரைக் கூப்பிட்டேன்.

"எங்கய்யா கீற?"

"எண்ணூர்லதான்மே. லாரியோட லைன்ல நின்னுகினு கீறேன். இன்னா விஷயம்?"

பொய் என்றே நினைத்தேன். லீவு சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்து ஓடினேன். கதவில் பூட்டு தொங்கியது. திறந்தால் உள்ளே யாருமில்லை, ஃபேன் முழு வேகத்தில் சுற்றுகிறது, அதன் முன்னால் தரையில் சொட்டுச் சொட்டாக ஈரம், யாரோ தலைக்குக் குளித்துவிட்டு வந்து உட்கார்ந்த மாதிரி. குளியலறையோ காய்ந்து கிடந்தது. பிளக்கைப் பிடுங்கிப் போட்டேன்.

சாயங்காலம் அவர் வந்ததும் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். பயப்படுவார், இல்லை என்னைத் திட்டுவார் என்று பார்த்தால், அவர் முகம் மலர்ந்தது. கல்யாணத்தன்றுகூட நான் பார்க்காத முகம்.

"எவ்ளோ நேரம்மே ஓடுச்சி?" என்றார்.

பிறகு பிளக்கைத் திரும்ப மாட்டி, ஃபேனின் வேகத்தைக் குறைத்து வைத்தார்.

"இவ்ளோ காத்து அவளுக்கு ஆவாது. தும்முவா."

அன்றைக்கே அந்தப் பிளக்குக்கான ஆப்பைத் தன் போனிலும் ஏற்றிக்கொண்டார். மதியத்தில் நான் கூப்பிட்டால் இப்போதெல்லாம் அவர் எடுப்பதில்லை.