பொலிஸ் கேட்காத கேள்வி

என் மேசையின் இடது பக்கத்தில், சரியப்பார்க்கும் புத்தகங்களுக்கு முட்டுக்கொடுத்தபடி ஒரு தேங்காய்த் திருவலை இருக்கிறது. சின்னப் பலகை, அதன் நுனியில் வளைந்த இரும்பு நாக்கு, நாக்கின் ஓரம் முழுக்கப் பல். தேங்காய்ப்பால் ஊறி ஊறிப் பலகை கறுத்துவிட்டது. அறைக்கு வருகிறவர்கள் ஏதோ பழம்பொருள் என்று நினைத்து எடுத்துப் பார்ப்பார்கள். சமூகவியல் படிப்பிக்கிறவளின் மேசையில் குசினிச் சாமானுக்கு என்ன வேலை என்று வாய்விட்டுக் கேட்க அவர்களுக்குக் கூச்சம். பேசாமல் திரும்ப வைத்துவிடுவார்கள். அதை நான் முதன்முதலில் கண்டது யுத்தகாலத்தில் ஒரு காலை, எங்கள் துறையின் கூட்ட அறையில். ஒரு மாணவி மூச்சு வாங்க உள்ளே வந்து தோளில் கிடந்த துணிப்பையைக் கதிரையில் வைத்தாள். பை சரிந்து, இந்த இரும்பு நாக்கு வெளியே எட்டிப் பார்த்தது. துறைத் தலைவரும் பார்த்தார், நானும் பார்த்தேன். அவளுடைய விரலிடுக்குகளில் தேங்காய்ப்பூ ஒட்டியிருந்தது.

அந்த நாட்களில் தமிழ் மூலம் படித்த இறுதியாண்டுப் பிள்ளைகளுக்கு ஆய்வேட்டின் தொடக்கத்தைக் காட்டிக்கொடுப்பது என் பொறுப்பு. தொடக்கம் என்றால் தலைப்பு, கேள்வி, முன்மொழிவு. அதற்குப் பிறகு அவர்கள் தங்கள் பாட்டில் நீந்திக்கொள்வார்கள். தண்ணீரில் இறக்குவதுதான் பெரும்பாடு. முதல் நாள் எல்லோரும் உலகத்தையே அளந்துவிடுகிற வேகத்தில் வருவார்கள். ஒருவர் ‘யுத்தமும் சமூக மாற்றமும்’ என்பார். இன்னொருவருக்கு ‘நவீன உலகில் பெண்’ வேண்டும். எனக்கு இயல்பிலேயே பொறுமை குறைவு. தலைப்பைத் தூக்கி எறிந்துவிட்டு ஒரே ஒரு கேள்வியோடு வாருங்கள், அதற்கு உங்களுக்கு இப்போதே பதில் தெரிந்திருக்கக் கூடாது, தெரிந்த பதிலுக்கு எதற்கு ஆய்வு என்று திருப்பி அனுப்பிவிடுவேன். என் அறை வாசலில் அழுத பிள்ளைகள் உண்டு. அழுது முடித்து முகம் கழுவிக்கொண்டு நல்ல கேள்வியோடு திரும்பி வந்தவர்களும் உண்டு. அழுகையைப் பற்றி நான் அதிகம் கவலைப்பட்டதில்லை.

இவள் அழவில்லை. கொட்டாஞ்சேனைப் பெண். தகப்பன் துறைமுகத்தில் வேலை செய்தார். தாத்தா காலத்தில் மலைநாட்டுத் தோட்டத்தை விட்டுக் கொழும்புக்கு வந்த குடும்பம். சிங்களம் அவளுக்குத் தண்ணீர்பட்ட பாடு. அதனால் பின்னேரங்களில் வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜுக்குப் போய், யாழ்ப்பாணத்திலிருந்து வந்து தங்கியிருந்த பிள்ளைகளுக்குச் சிங்களம் சொல்லிக்கொடுத்தாள். அந்த லொட்ஜுகளை இப்போது உள்ளவர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டும். விசாவுக்கும், வைத்தியத்துக்கும், வெளிநாட்டில் உள்ள பிள்ளையின் ஸ்பொன்சருக்கும் காத்திருந்த குடும்பங்கள், ஒரு குடும்பத்துக்கு ஓர் அறை என்று மாதக்கணக்கில் அங்கே கிடந்தன. எல்லா அறைகளுக்கும் சேர்த்து ஒரே குசினி. போகிற இடம் போய்ச் சேரும்வரை அது வீடும் இல்லை, விடுதியும் இல்லை. அவள் கொண்டுவந்த கேள்வி இதுதான்: நாளைக்கே போய்விடலாம் என்று காத்திருக்கிற ஆட்கள், பக்கத்து அறைக்காரரோடு எப்படி அயலவராக வாழ்கிறார்கள்? எனக்குப் பதில் தெரியவில்லை. அவளுக்கும் தெரியவில்லை. அந்த ஆண்டு முதல் தடவையிலேயே நான் தலையாட்டிய கேள்வி அது ஒன்றுதான்.

துறைத் தலைவர் தலையாட்டவில்லை. கெட்ட மனிதர் அல்ல, பயந்த மனிதர். பயப்படக் காரணமும் இருந்தது. முந்திய ஆண்டு, ஆய்வுக்காக வரைந்த ஒரு தெருப்படத்தைப் பையில் வைத்திருந்த எங்கள் மாணவன் ஒருவனைச் சோதனைச் சாவடியில் பிடித்துவிட்டார்கள். அவனை வெளியே எடுக்க அவர் ஏறாத படி இல்லை. லொட்ஜ், யாழ்ப்பாணத்து ஆட்கள், தமிழில் எழுதிய தாள்கள் என்று கேட்டதுமே அவருக்கு வியர்த்தது. “உங்கட ஆய்வை விட எனக்குப் பிள்ளை முக்கியம். நாளைக்குத் தாய் தகப்பன் வந்து நிண்டால் நான் என்ன பதில் சொல்லுறது?” என்று என்னிடம் கேட்டார். நூலகத்தில் இருந்தே செய்யக்கூடிய தலைப்பு ஒன்றை எடுக்கச் சொன்னார். அவள் மாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். கடைசியில் அவர் ஒரு வழி விட்டார்: சின்னதாக ஒரு முன்னோட்ட ஆய்வு செய்து பார்க்கட்டும், அந்த இடத்தில் உண்மையான தகவல் கிடைக்கும் என்றும் ஆபத்தில்லாமல் செய்யலாம் என்றும் முன்மொழிவுக் கூட்டத்தில் காட்டட்டும். காட்டாவிட்டால் ஆய்வேடு இல்லை. ஆய்வேடு இல்லாவிட்டால் சிறப்புப் பட்டம் இல்லை. விரிவுரையாளராக வரவேண்டும் என்ற ஆசையை அவள் கொட்டாஞ்சேனையிலேயே மடித்து வைத்துவிட வேண்டியதுதான்.

ஆர்வக் கோளாறில் அவள் என்னிடம் காட்டாமலே வினாக்கொத்து ஒன்றைத் தயாரித்துக்கொண்டு போய்விட்டாள். பாடப்புத்தகத்தில் உள்ளபடி அச்சொட்டாக: பெயர், வயது, சொந்த இடம், கொழும்புக்கு எப்போது வந்தீர்கள், எதற்காக வந்தீர்கள், எவ்வளவு காலம் தங்குவீர்கள், உங்களோடு யார் யார் இருக்கிறார்கள். கதவு கதவாகத் தட்டிக் கேட்டிருக்கிறாள். அடுத்த நாள் என் முன்னால் தாள்களைப் பரப்பியபோது முகம் வாடியிருந்தது. “எல்லாரும் ஒரே பதில்தான் மிஸ் சொல்றாங்க. வருத்தம் காட்ட வந்தோம், அடுத்த மாசம் திரும்பிப் போறோம். அவ்வளவுதான்.” ஓர் அறையில் கேள்வி முடியும் முன்பே, நோய்க்கு வைத்தியம் பார்க்கத்தான் வந்தோம் என்பதற்குச் சாட்சியாக மருந்துச் சிட்டையை எடுத்து நீட்டியிருக்கிறார்கள். இன்னோர் அறையில், மாதக்கணக்காக அவளுக்குப் பின்னேரத் தேநீர் கொடுத்துவந்த ஒரு யாழ்ப்பாணத்து அன்ரி, எழுந்து நின்று, கொழும்பில் தங்கும் தமிழர் எடுத்து வைத்திருக்க வேண்டிய பொலிஸ் பதிவுத் துண்டைக் காட்டியிருக்கிறார்.

நான் அந்தக் கேள்விகளை ஒரு தடவை வாசித்தேன். பிறகு சிரிப்பு வந்துவிட்டது. சிரித்திருக்கக் கூடாது, ஆனால் வந்துவிட்டது. கடற்கரைப் பக்க ஒழுங்கையில் இருந்த என் வாடகை அனெக்ஸுக்குப் பதிவுக்கு வந்த பொலிஸாருக்கு இதே கேள்விகளுக்கு, இதே ஒழுங்கில், நானும் பதில் சொல்லியிருந்தேன். வருத்தம் காட்டத்தான் வந்தேன் என்று சொல்லாததுதான் குறை. லொட்ஜில் இருந்த ஒவ்வொரு தாயும் அந்தப் பதிலைப் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு மாதிரிப் பாடமாக்கி வைத்திருந்தாள். தெரிந்த பெண்தான் வந்து கேட்கிறாள், ஆனால் தாளைக் கண்டதும் வாய் தன் பாட்டில் பாடத்தை ஒப்பித்துவிட்டது. இதை விளங்கப்படுத்தியபோது அவளுக்கு முகம் சிவந்தது. தலைப்பை மாற்றிக்கொள்கிறாயா என்று கேட்டேன். இப்போது மாற்றினால் எவரும் குறை சொல்லமாட்டார்கள் என்றும் சொன்னேன். அவள் தாள்களை அடுக்கி, மடித்து, என் குப்பைக்கூடையில் தானே போட்டாள். “கேள்விதான் மிஸ் பிழை. ஆளுங்க பிழையில்ல” என்றாள்.

அப்படியானால் அங்கே ஒரு கேள்வியும் கேட்காமல் என்ன பார்த்தாய் என்று கேட்டேன். திருவலைச் சண்டையைப் பற்றிச் சொன்னாள். குசினியில் பொதுவாக இருந்தது ஒரே ஒரு திருவலை. அதையும் யாரும் அறைக்குள் கொண்டுபோகாதபடி லொட்ஜ் முதலாளி கயிறு போட்டு மேசைக்காலில் கட்டி வைத்திருந்தார். பல் மழுங்கிப்போன சாமான். காலையில் இடியப்பத்துக்குச் சம்பல், சொதி என்று அத்தனை அறைக்கும் தேங்காய் திருவ வேண்டும். யார் முதலில், யார் பிறகு என்பதில்தான் அந்த லொட்ஜின் முழு அரசியலும் இருந்தது. மரக்கறிக்காரர், மீனும் இறைச்சியும் சமைக்கிற மச்சக்காரருக்கு முன்னால் திருவ வேண்டும். கைக்குழந்தைக்காரிக்கு எப்போதும் முதலிடம். அடுத்த கிழமை வெளிநாடு போகிறவள் தன் முறையை விட்டுக்கொடுப்பாள். இந்தச் சட்டங்களை எவரும் எழுதி வைக்கவில்லை, ஆனால் மீறினால் அன்றைக்கு முழுக்க ஒருவரோடு ஒருவர் பேச்சில்லை. சொல்லிக்கொண்டு வரும்போதே அவள் குரல் மாறியது. அயலவராக வாழ்வது எப்படி என்ற அவளுடைய கேள்விக்கு அந்த மேசைக்காலடியில் பதில் கிடந்தது.

அடுத்த நாளே வீட்டில் இருந்து தாயின் திருவலையைத் தூக்கிக்கொண்டு போனாள். வழியில் சோதனைச் சாவடியில் பையைக் கொட்டிய சிப்பாய், இரும்புப் பல்லை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, ஊரில் தன் அம்மாவிடமும் இப்படி ஒன்று இருக்கிறது என்று சிங்களத்தில் சொல்லித் திருப்பிக் கொடுத்தானாம். தமிழில் எழுதிய நாலு தாளோடு போயிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். ரம்பம் மாதிரி ஓர் இரும்போடு போனவளை விட்டுவிட்டார்கள். காலையில் விரிவுரைக்கு முன் அவள் அந்தக் குசினியில் குந்தி, கேட்டவருக்கெல்லாம் தேங்காய் திருவிக் கொடுத்தாள். பெண்கள் அடுப்படியில் நின்று கதைத்தார்கள். அவள் வீட்டுக்குப் போன பிறகே நினைவில் இருந்ததை எழுதினாள்.

இதில் ஒரு விஷயத்தில் நான் பிடிவாதமாக நின்றேன். ஏமாற்றி எடுக்கிற கதை எனக்கு வேண்டாம், எதற்காக வந்து திருவுகிறாய் என்பதை அவர்களுக்குச் சொல்லிவிடு, வேண்டாம் என்றால் எழுந்து வந்துவிடு என்றேன். முதல் தடவையாக அவள் என்னோடு வாதாடினாள். சொன்னால் வாயை மூடிவிடுவார்கள், ஆய்வும் போய்விடும் என்றாள். போனால் போகட்டும் என்றேன். அன்றைக்கு என்னை மனதுக்குள் நன்றாகத் திட்டியிருப்பாள். ஆனாலும் சொன்னாள். பதிவுத் துண்டைக் காட்டிய அதே அன்ரிதான் முதலில் வாய் திறந்திருக்கிறார். “பேரைப் போடாதை பிள்ளை. அறை நம்பரையும் போடாதை. மற்றதெல்லாம் எழுது. நாங்கள் இங்க சும்மா காத்துக்கொண்டு கிடக்கேல்லை, சமைச்சு, சாப்பிட்டு, சண்டை பிடிச்சுச் சீவிச்சனாங்கள் எண்டு எங்கையாவது ஒரு இடத்திலை கிடக்கட்டும்.” இதை அவள் வந்து சொன்னபோது, அப்படியே இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டேன். நானும் அந்த நகரத்தில் அப்படிச் சீவித்தவள்தானே.

முன்மொழிவுக் கூட்டம் நடந்த காலை அவளைக் காணவில்லை. துறைத் தலைவரும் இன்னும் இரண்டு பேரும் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். மற்றப் பிள்ளைகளின் முன்மொழிவுகள் முடிந்தன. தலைவர் மணிக்கூட்டைப் பார்த்தார். நான் ஆய்வு முறையியலைப் பற்றி, ஒருவரும் கேட்காமலே, வாய் வலிக்கப் பேசினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சலிப்பூட்டும் விரிவுரை ஒன்றை நான் நிகழ்த்தியதில்லை. கோப்புகளை மூடப்போகிற நேரத்தில்தான் அவள் வந்தாள், அந்தப் பையோடு. ஏன் பிந்தியது என்று தலைவர் கேட்டார். விடியற்காலை லொட்ஜைச் சுற்றிவளைத்துப் பெரியவர்களைப் பொலிஸ் நிலையத்துக்கு ஏற்றிப் போய்விட்டார்கள், விட்டுவிடுவார்கள் என்று சொல்லியிருக்கிறார்கள், பிள்ளைகள் தனியாக இருந்தன என்று சொன்னாள். “திரும்பி வர்ற நேரம் பசியோட வருவாங்கல்ல சேர். சம்பல் இடிச்சு, பாண் வாங்கி வச்சிட்டு வந்தேன்.”

பையிலிருந்து எட்டிப் பார்த்த இரும்பு நாக்கையே தலைவர் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார், “இண்டைக்கு நடந்ததும் உம்மட ஆய்விலை வருமோ?”

“இல்ல சேர்,” என்றாள். “அது ஆய்வு இல்ல. அது சும்மா.”

அந்தப் பதிலுக்குப் பிறகு அவள் முன்மொழிவை வாசித்தாள். கையில் தாள் கொண்டுபோவதில்லை, பெயர் இல்லை, அறை இல்லை, சோதனைச் சாவடியில் காட்ட ஒரு குசினிச் சாமான் மட்டும் என்று அவருடைய பயத்துக்கு ஒவ்வொன்றாகப் பதில் சொன்னாள். அவர் கையெழுத்துப் போட்டுத் தாளை அவளிடம் தள்ளிவிட்டு, அந்த ஆட்கள் திரும்பி வந்துவிட்டார்களா என்று பார்த்து மத்தியானம் தனக்குச் சொல்லச் சொன்னார். மத்தியானம் எல்லோரும் திரும்பியிருந்தார்கள். சம்பல் மிச்சமில்லை என்று வந்து சொன்னாள். அவள் முன்னால் என் கண் கலங்கியது அன்றைக்கு ஒரு தடவைதான்.

ஆய்வேடு முடிந்தபோது அந்த லொட்ஜில் இருந்தவர்கள் திக்குத் திக்காகப் போய்விட்டிருந்தார்கள். அன்ரி கனடா போனார். அச்சிட்ட பிரதியைத் தர வந்த அன்று என் மாணவி திருவலையையும் என் மேசையில் வைத்தாள். “வீட்ல அம்மா புதுசு வாங்கிட்டாங்க மிஸ். இது இங்கயே இருக்கட்டும்,” என்று சொல்லிவிட்டுப் போனாள். அவளும் இப்போது வேறொரு பல்கலைக்கழகத்தில் பிள்ளைகளைத் தண்ணீரில் இறக்குகிறாள். என்னைவிடப் பொறுமைசாலி என்று கேள்வி.

போன மாதம் வெள்ளவத்தையில் பிறந்து வளர்ந்த ஒரு மாணவி, புதிய அடுக்குமாடிகளில் குடியேறியவர்களைப் பற்றி ஆய்வு செய்யவென்று வந்தாள். வினாக்கொத்தைக் கைபேசியிலேயே தயாரித்திருந்தாள், அழகாக இருந்தது. பெயர், வயது, சொந்த இடம், எப்போது வந்தீர்கள், எதற்காக வந்தீர்கள். நான் எல்லாப் பிள்ளைகளிடமும் கேட்பதை அவளிடமும் கேட்டேன். “இதிலை பொலிஸ் கேக்காத கேள்வி எது பிள்ளை?”

அவள் கைபேசியைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். யுத்தம் முடிந்தபோது சின்னப் பிள்ளையாக இருந்திருப்பாள். “ஏன் மிஸ், பொலிஸ் வீட்டுக்கு வந்து இதெல்லாம் கேக்குமா?” என்றாள், உண்மையாகவே தெரியாமல்.

அவளுக்கு அது தெரியாமல் இருந்ததில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் வந்தது என்று சொல்லவேண்டும். அதே அளவுக்குக் கோபமும் வந்தது; அவளிடத்தில் அல்ல, இதையெல்லாம் சொல்லாமல் வளர்த்துவிட்ட எங்களிடத்தில். புத்தகங்கள் சரிந்தால் சரியட்டும் என்று திருவலையை உருவி எடுத்து, மேசையில் எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்தேன். “இரும் பிள்ளை,” என்றேன். அவள் கைபேசியைப் பைக்குள் போட்டுவிட்டு உட்கார்ந்தாள்.