கூடையில் பருத்தி

மாமாவுக்குப் பெயிண்டர் என்று பெயர் வந்ததே சங்கரன்கோவிலில்தான். இலங்கையில் தேயிலைத் தோட்டத்தில் மருந்தடித்துக்கொண்டிருந்தவர், அம்மாவோடும் கைக்குழந்தையான என்னோடும் கப்பலேறி வந்த பிறகு கடைப்பலகை எழுதப் பழகினார். எதை எழுதினாலும் மூலையில் ஒரு மலை வந்துவிடும். சலூன் பலகையில்கூடக் கண்ணாடிக்குள் மலை தெரிந்தது. எனக்கு அது பிடிக்கவே பிடிக்காது. பள்ளிக்கூடத்தில் என்னைச் ‘சிலோன்’ என்றுதான் கூப்பிட்டார்கள். அந்த மலைகளெல்லாம் என்னைக் காட்டிக்கொடுக்கவென்றே முளைத்தவை என்று நினைத்தேன்.

ஆடித்தபசுத் திருவிழாவுக்குப் பஞ்சுக்கடை முதலாளி தன் தண்ணீர்ப்பந்தலுக்கு ஒரு பெரிய படுதா வரையச் சொன்னார். அது பிடித்துப்போனால் இனி அவர் கடை வேலையெல்லாம் மாமாவுக்குத்தான் என்று வீட்டில் பேச்சு. தபசன்று தங்கள் நிலத்தில் விளைந்ததைக் கோமதியம்மன் சப்பரத்தின் மேல் வீசுவது ஊர் வழக்கம். மாமா பருத்தி வீசுகிறவர்களை வரைந்தார், மிளகாய் வத்தல் வீசுகிறவர்களை வரைந்தார். அவர்கள் நடுவே ஒருத்தி பச்சைத் தேயிலைக் கொழுந்தை அள்ளி வீசிக்கொண்டிருந்தாள். அவள் முதுகுக் கூடையின் கயிறு உச்சந்தலையில் மாட்டியிருந்தது.

முதலாளி வந்து பார்த்தார்.

“படம் நல்லாத்தான் இருக்கு. ஆனா இங்கன தேயிலை எங்கவே வெளையுது?”

“அவங்கவங்க வெளைய வச்சதத்தானேங்க வீசுறாங்க” என்றார் மாமா.

முதலாளி கோபப்படவில்லை, சிரித்தார். கொழுந்தைப் பருத்தியாக்கிவிடச் சொன்னார். முடியாதென்றால் புளியங்குடியில் வேறு ஆள் இருக்கிறது என்றும் சொன்னார். மாமா வெகுநேரம் பிரஷைக் கழுவிக்கொண்டே நின்றார். பிறகு வெள்ளை டப்பாவைத் திறந்தார். பச்சை மறைய மறைய எனக்கு அப்படியொரு நிம்மதி. கூடையையும் கயிற்றையும் மட்டும் அவர் தொடவில்லை. மடியில் பருத்தி எடுக்கும் ஊர் இது. இருந்தும் முதலாளிக்கு அது உறுத்தவில்லை, வெள்ளையைக் கண்டதுமே திருப்தியாகிவிட்டார்.

தபசன்று அம்மாவை இழுத்துக்கொண்டு போய்ப் படுதாவைக் காட்டினேன். இனி யாரும் என்னைச் சிலோன் என்று சொல்ல முடியாது என்றேன். அம்மா அந்தப் பெண்ணையே பார்த்தபடி தன் உச்சந்தலையைத் தடவிக்கொண்டிருந்தாள். அங்கே விரலகலத்துக்கு முடி கிடையாது. பிறவியிலேயே அப்படி என்றுதான் நான் எண்ணியிருந்தேன்.

“தலை வலிக்காம்மா?”

“இல்ல கண்ணு” என்றாள். கையை எடுக்கவில்லை.