அரண்மனைக் கல்லில் ஒரு லயம்

இலங்கையில், யட்டியாந்தோட்டைக்கு மேலே இருக்கும் அந்த றப்பர் தோட்டத்தில் விஜயகலா குடியிருக்கும் லயத்துக்கு, அந்தத் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, மட்டும் கருங்கல் சுவர். அவ்வளவும் அரண்மனைக் கல். ஏதோ ஒரு ராஜா ஆசை ஆசையாகக் கட்டி, பதினேழு வருஷம் இருந்துவிட்டு, சண்டை வந்ததும் போட்டது போட்டபடி ஓடிப்போன அரண்மனை. எதிரிகள் கூரையைக் கொளுத்தினார்கள். மிச்சத்தைக் காடு தின்றது. முந்நூறு வருஷம் கழித்து வந்த வெள்ளைக்காரத் துரை, வெளியிலிருந்து கல் எதற்கென்று இடிந்த சுவர்களைப் பெயர்த்து, குடும்பத்துக்கு ஒரு அறையாக ஆறு காம்பரா கட்டினான். தாமரை செதுக்கிய படிக்கல்லைக்கூடக் குளிக்கிற இடத்தில் போட்டுவிட்டான். நாலு தலைமுறையாக விஜயகலா வீட்டார் அதில்தான் துணி துவைக்கிறார்கள்.

விஜயகலாவுக்கு ஐம்பத்தாறு வயது. முப்பது வருஷம் றப்பர் மரத்தில் பால் வெட்டி, புருஷன் இல்லாமல் இரண்டு பிள்ளைகளை ஆளாக்கியவள். வாய் கொஞ்சம் நீளம்தான். அதுவும் இல்லாவிட்டால் தோட்டத்தில் யார் மதிக்கிறார்கள்?

போன மாசம் தொல்பொருள் அதிகாரி ஒருவர் வந்து சுவர்களை அளந்தார். அரண்மனையை மீட்க வேண்டுமாம், லயத்தை உடைக்க வேண்டுமாம். ஆறு குடும்பமும் எங்கே போவது என்று விஜயகலா கேட்டாள். அவர் சிங்களப் படிவமொன்றை நீட்டி, "கையெழுத்து போடுங்க அக்கா" என்றார் உடைந்த தமிழில்.

"மாத்தையா, அந்த ராஜா இங்க எத்தன வருஷம் இருந்தாரு?"

"பதினேழு."

"நாங்க நூத்தி முப்பது வருஷமா இருக்கோம். அவருக்கு மரியாத, எங்களுக்கு நோட்டீஸா?"

அதிகாரி படிவத்தை மறுபடி நீட்டினார். விஜயகலா கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். பக்கத்தில் தமிழ்ப் பள்ளிக்கூடம் இல்லாததால் சிங்களத்தில் சாதாரண தரப் பரீட்சைவரை படித்தவள் அவள். அது அவருக்குத் தெரியாது. 'குடியிருப்போர்' என்ற இடத்தில் 'எவருமில்லை' என்று ஏற்கெனவே அச்சடித்திருந்தார்கள். கொடியில் துணி காய்கிறது, அடுப்பில் சோறு கொதிக்கிறது, ஆள் இல்லையாம்!

அவர் கையிலிருந்த பேனாவை வாங்கி அந்தச் சொல்லைக் குறுக்கே வெட்டினாள். நல்ல சிங்களத்தில், காம்பரா காம்பராவாக, கைக்குழந்தை உட்பட இருபத்துமூன்று பேரின் பெயரையும் எழுதினாள். இடம் போதாமல் பின்பக்கத்துக்கும் போனாள்.

"ஐயோ, இது கெட்டுப்போச்சு. புதுசு கொண்டுவரணும்," என்றார் அதிகாரி.

"கொண்டாங்க மாத்தையா. அதுலயும் எழுதுறேன்."

அதைச் சொல்லிவிட்டுத்தான் அந்தப் பெயர்களுக்குக் கீழே கையெழுத்துப் போட்டாள்.