எலெக்ட்ரோன் குட்டி போடுமோ?

என்னை வாயடைக்க வைக்கும் ஆள் உலகத்தில் ஒருவர்தான்: என் அண்ணை. எங்கள் ஆட்களின் கடைத்தெருவான லா சப்பலில் ஒரு சாப்பாட்டுக் கடையில் அவருக்குச் சமையல் வேலை. என் முனைவர் பட்ட ஆய்வை நடுவர்கள் முன் நான் சொல்லி நிறுவ வேண்டிய நாளுக்கு முதல் நாள், அங்கே ரோல்ஸுக்கு, அதாவது கறி வைத்துச் சுருட்டிப் பொரிக்கும் பலகாரத்துக்கு, சொல்லிவைக்கப் போயிருந்தேன். எல்லாம் முடிந்ததும் வந்தவர்களுக்குப் பட்டம் பெறுபவரின் வீட்டார் சாப்பாடு கொடுப்பது இந்தப் பிரெஞ்சு நாட்டு வழக்கம்.

"எடியே, என்னத்தைப் பற்றி எழுதினனீ?" என்று அண்ணை கேட்டார்.

"அடிப்படைத் துணிக்கைகளுக்கும் கூர்ப்பு இருக்கலாம் எண்டு." பரிணாமத்துக்கு எங்கள் ஊர்ப் பாடப்புத்தகச் சொல் அது; துகளுக்குத் துணிக்கை, நிறைக்குத் திணிவு. "எலெக்ட்ரோனுக்கு ஏன் இந்தளவு திணிவு? உயிர்களைப்போல அதுவும் தலைமுறை தலைமுறையாத் தெரிவாகி வந்திருக்கலாம்."

"அப்ப எலெக்ட்ரோன் குட்டி போடுமோ?"

தேத்தண்ணி குடித்துக்கொண்டு நின்றவர்கள்கூடச் சிரித்தார்கள். பக்கம் பக்கமாக எழுதிய நான், அம்மாவுக்கென்று அவர் கட்டித் தந்த சாப்பாட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். நாளைக்கு நடுவர்கள் இதையே கேட்டால் என் கதை கந்தல். அண்ணை மேல் அப்படியொரு கோபம் வந்தது.

எங்கள் வீடு இருக்கும் செவ்ரானுக்குப் போகும் ரெயிலில் மனதுக்குள் அவரோடு சண்டை பிடித்துக்கொண்டே போனேன். லா கூர்னெவ் நிலையம் தாண்டும்போது மடியிலிருந்த கடைப் பையைப் பார்த்தேன். அதில் பிள்ளையார் படம். தும்பிக்கையைப் பார்த்ததும் பதில் பிடிபட்டது.

மறுநாள், நடுவர்களில் கடுகடுத்தவர் கேட்டார்: "துணிக்கை இனப்பெருக்கம் செய்யாதே, பிறகெப்படிப் பரிணாமம்?"

பின்வரிசையில் அண்ணை அம்மாவின் காதில் சொல்வதாக நினைத்து மண்டபத்துக்கே சொன்னார்: "நேற்று நான் கேட்டதல்லோ!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "தும்பிக்கை குட்டி போடாது, யானைதான் போடும்" என்றேன், பிரெஞ்சில். "எலெக்ட்ரோன் தும்பிக்கை, பிரபஞ்சம் யானை. ஒரு பிரபஞ்சம் கருந்துளை வழியாக இன்னொன்றைப் பெற்றெடுக்குமானால், துணிக்கையின் திணிவும் சிறு மாற்றத்தோடு பிள்ளைக்குப் போகும். அதிகம் பிள்ளை பெறுகிற பிரபஞ்சங்களின் துணிக்கைகளே பெருகும். அப்படித்தான் நடந்தது என்று நான் சாதிக்கவில்லை. நடந்திருந்தால் எதைத் தேடிப் பார்க்கலாம் என்று காட்டியிருக்கிறேன்."

கடுகடுத்தவர் சிரித்தார். பட்டம் கிடைத்தது. சந்தோசத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அண்ணை தட்டோடு வந்தார். விவரம் தெரிந்த நாள் முதல் என்னை "எடியே" என்று மட்டுமே கூப்பிட்ட மனிதர்.

"டொக்டர், ரோல்ஸ் எடுங்கோ."

இரண்டு எடுத்தேன்.